உப்பு மறுத்த கணவாய்

மாசி மாதத்து முழுமதி, யானைமுடிக் குன்றின் கரிய தோளைத் தாண்டி மெல்ல மேலெழும்பிக் கொண்டிருந்தது. மேல்வானில் கதிரவன் விட்டுச் சென்ற செம்மை இன்னும் முற்றாக மறையவில்லை. ஆகவே குன்றின் அடிவாரத்தைச் சுற்றி வளைந்தோடிய செழுநீராறு ஒரு கரையில் செம்பாகவும் மறுகரையில் வெள்ளியாகவும் உருகி ஓடுவதுபோல் தோன்றியது. கரையோரத்து மருத மரங்களில் கொக்குகள் கூட்டங்கூட்டமாய் வந்து அடைந்தன. கோட்டை மதிலின் மேல் காவலர் ஏற்றிய தீபங்கள் ஒவ்வொன்றாக நீரில் விழுந்து நடுங்கின. கொற்றவை கோயிலின் அந்தி முரசு மலைப்பாறைகளில் மோதி, பெரிய விலங்கொன்று பெருமூச்சு விடுவதைப்போல் திரும்பி வந்தது.

வாசக அன்பர்களே! கண்ணுக்கு இத்தனை இனியதாய் விளங்கிய அந்த நாட்டில், நாவுக்குரிய சுவைகளில் ஒன்று மட்டும் அப்போது அடியோடு இல்லாமற் போயிருந்தது.

யானைமுடி நாட்டை ஆண்டவர் மலையரையர். கடற்கரையிலே வலம்புரிப்பட்டினத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட பேரரசருக்கு ஆண்டுதோறும் தந்தமுள்ள யானைகளைத் திறையாக அனுப்பி வந்த குலம் அவருடையது. அந்தத் திறையை இனி அனுப்புவதில்லை என்று மலையரையர் மறுத்தபோது, பேரரசரின் படை குன்றின் மேல் பாய்ந்து வரும் என்றே எல்லோரும் எதிர்பார்த்தார்கள். படை வந்தது, ஆனால் பாயவில்லை. கடலுக்கும் மலைக்கும் நடுவே இருந்த ஒரே வழியான கூகைக் கணவாயின் வாயிலில் கூடாரம் அடித்து அமர்ந்துகொண்டது. நெல் போகலாம், துணி போகலாம், ஓர் உப்பு வண்டி மட்டும் உள்ளே போகக் கூடாது என்பது பேரரசரின் ஆணை. மலையரையர் தலை வணங்கும் வரையில் மலைநாட்டார் நாவில் உப்புப் படக் கூடாது!

வேலும் வாளும் உறையை விட்டு வெளிவராத அந்தப் போர் வெகு விரைவில் ஒவ்வொரு வீட்டு அடுப்படிக்குள்ளும் புகுந்துவிட்டது. பானைகளில் இருந்த உப்பு மழைக்காலத்தோடு தீர்ந்தது. வேட்டையாடிய இறைச்சியை உலர்த்தி வைக்க வழியின்றி அது அழுகிற்று. வாழைத்தண்டைச் சுட்டுச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலைக் கரைத்துத் தெளிய வைத்த நீரைக் கஞ்சியில் ஊற்றிக் குடித்தார்கள். வெயிலில் உழைத்தவர்கள் தசை முறுக்கும் குரக்கை கை கால்களை இழுக்கக் கதிரடிக்கும் களத்திலேயே சுருண்டு விழுந்தார்கள். பசுக்களின் மடி வற்றியது; பால் இன்றிக் குழந்தைகள் சிலரும் இறந்தனர்.

இத்தனைக்கும் அந்த மக்கள் தங்கள் மன்னர்மீது ஒரு சுடுசொல் சொன்னாரில்லை. காரணம், கார்த்திகை விளக்கீட்டு நாளன்று மலையரையர் அரண்மனை மேல்மாடத்தில் வந்து நின்று, “என் மக்களே! உங்கள் இலையில் இல்லாதது என் இலையிலும் இல்லை. உங்களைப் போலவே நானும் சப்பென்ற சோற்றை உண்கிறேன். கடலரசன் நம் நாக்கை வெல்லலாம். நம் முதுகை வளைக்க முடியாது!” என்று முழங்கியிருந்தார். அதைக் கேட்டுப் பெண்கள் கண்ணீர் விட்டார்கள். ஆடவர்கள் தோள் தட்டினார்கள். அதன் பிறகு சாம்பல் நீர் ஊற்றிய கஞ்சிகூட அவர்களுக்கு ஒரு விரதத்தைப்போல் ஆகிவிட்டது.

அப்படிப்பட்ட நாளொன்றின் அந்தியில்தான், ஆயர் தெருவைச் சேர்ந்த கொற்றி என்னும் நங்கை, மேய்ச்சலிலிருந்து வீடு திரும்பாத தன் பசுக்களைத் தேடி ஆற்றங்கரை வழியாக வந்துகொண்டிருந்தாள். ஆண்துணை இல்லாத வீட்டில், தங்கையையும் தங்கையின் கைக்குழந்தையையும் அந்தப் பசுக்களை வைத்தே காப்பாற்றி வந்தவள் அவள். நெடிய உருவம், வெயிலில் காய்ந்த தேக்கின் நிறம், எவரையும் நேருக்கு நேர் பார்த்துப் பேசும் கண்கள்.

ஆற்றின் வளைவில், அரண்மனையின் பின்மதிலோடு ஒட்டியிருந்த பழைய கற்கட்டடத்தின் அருகே அவள் சட்டென்று நின்றாள். அவளுடைய பசுக்கள் மட்டுமல்ல, ஊர்ப் பசுக்கள் பலவும் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. எல்லாம் சுவரைப் பார்த்தபடி நின்று, நீண்ட நாக்குகளால் அச்சுவரை நக்கிக்கொண்டிருந்தன. அவை எழுப்பிய ஓசை அமைதியான அந்த அந்திப்பொழுதில் துணி துவைப்பதுபோல் கேட்டது.

“இந்த மாடுகளுக்கு என்ன பித்துப் பிடித்துவிட்டதா, கொற்றி?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

மூலிகைப் பையைத் தோளில் மாட்டியவாறு அங்கே நின்றவன் மருத்துவன் பொதியன். கணவாய் அடைபட்ட காலத்தில் கிழக்கிலிருந்து வந்து கோட்டைக்குள் சிக்கிக்கொண்டவன் என்று ஊரார் அவனைப் பற்றிப் பேசிக்கொண்டனர். குரக்கை பிடித்தவர்களின் கால்களைத் தேய்த்துவிட்டும், மயங்கிக் கிடந்தவர்களுக்குக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தும் அவன் அந்த ஊரின் அன்பைச் சம்பாதித்திருந்தான். கொற்றியின் தங்கை மகன் சாகக் கிடந்தபோது இராப்பகலாய் அருகிருந்து பிழைக்க வைத்தவனும் அவனே. அன்று முதல் அவனைக் காணும்போதெல்லாம் கொற்றியின் நிமிர்ந்த கண்கள் ஒரு கணம் நிலத்தைப் பார்ப்பதை ஆயர் தெருவார் கவனித்திருந்தார்கள். அவன் கவனித்தானா என்பது நமக்குத் தெரியாது.

கொற்றி மாடுகளை விலக்கிக்கொண்டு முன்னே சென்றாள். சுவரில் வெண்மையாய்ப் பொரிந்து பூத்திருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். அவள் முகம் மாறியது. மறுபடியும் தொட்டு வைத்தாள். கண்களில் நீர் தளும்பியது.

“வைத்தியரே, நீங்களும் வாயில வச்சுப் பாருங்க.”

பொதியன் தொட்டுச் சுவைத்தான். அவன் முகமும் வெளிறியது.

“இந்தக் கட்டடத்துக்கு உள்ள என்ன இருக்குதுங்கறது மாட்டுக்குத் தெரிஞ்சிருக்கு, எங்களுக்குத் தெரியல,” என்றாள் கொற்றி. அவள் குரல் தாழ்ந்திருந்தது. “கூரை வரைக்கும் குவிச்சு வச்சாத்தான் சுவரைத் தாண்டி இப்படி ஊறி வெளிய வரும். விளக்கீட்டு அன்னிக்கு மாடத்துல நின்னு என்ன சொன்னாரு? என் இலையிலயும் இல்லைன்னாரே! நாங்க அதை நம்பித்தானே சாம்பலைக் குடிச்சோம்?”

“போருக்கென்று சேமித்து வைத்திருக்கலாம்...”

“போருக்குன்னு சொல்லியிருந்தா நாங்களே எங்க வீட்டு உப்பையும் கொண்டாந்து கொட்டியிருப்போமே! இல்லைன்னு ஏன் சொல்லணும்?”

அவ்வளவுதான். அவள் பசுக்களை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். பொதியன் நெடுநேரம் அந்தச் சுவரருகே நின்றான்.

*

மறுநாள் காலை கோட்டையில் ஒரு கூச்சலும் எழவில்லை, முரசு அதிரவில்லை, எவரும் கல்லெடுக்கவில்லை. ஆயர் தெருப் பெண்கள் தங்கள் மாடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டாமல் அரண்மனைத் தலைவாயிலுக்கு ஓட்டி வந்து, அவற்றோடு தாங்களும் அமர்ந்தார்கள். அதைக் கண்டு குயவர்கள் வந்தார்கள். பிறகு கொல்லர்கள், செக்காடுவோர், உழவர்கள், காவலர்களின் மனைவிமார்களும்கூட. நண்பகலுக்குள் வாயிலுக்கு முன்பிருந்த பெருவெளியில் கால் வைக்க இடமில்லை. ஒவ்வொருவர் கையிலும் வெறுங்கலயம் இருந்தது. கணவாய் அடைபட்டபோது பொறுத்தவர்கள், பசுக்களின் மடி வற்றியபோது பொறுத்தவர்கள், அந்தச் சுவரின் செய்தியைப் பொறுக்க மாட்டாமல் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

மலையரையர் வாயில் மாடத்தில் தோன்றினார். நரைத்த மீசையும் அகன்ற மார்பும் கொண்ட அந்த வீரர், கீழே திரண்டிருந்த மக்களைக் கண்டு முதலில் திகைத்தார், பிறகு சினந்தார்.

“எதிரி வாயிலில் நிற்கும்போது வீட்டுக்குள் கலகமா? யார் உங்களைத் தூண்டியவர்?”

கொற்றி எழுந்து நின்றாள். “யாரும் தூண்டலைங்க, அரசே. பின்மதில் ஓரத்துல இருக்கற பண்டகசாலைக் கதவை ஒருதடவை திறந்து காட்டுங்க. உள்ள உப்பு இல்லைன்னா உங்க கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுட்டு வீட்டுக்குப் போயிடறோம்.”

“பண்டகசாலையில் உள்ளது என் படைக்கு உரியது! படை சோர்ந்தால் கோட்டை விழும்; கோட்டை விழுந்தால் நீங்கள் அனைவரும் கடலரசனுக்கு அடிமைகள். இதை நான் உங்களுக்கு விளக்க வேண்டுமா?”

“அன்னிக்கே விளக்கியிருக்கலாமே, அரசே! உங்க இலையில உப்பு இருந்ததுக்கு நாங்க அழலை. இல்லைன்னு சொன்னீங்களே, அதுக்குத்தான் அழறோம்.”

பெருவெளியில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கிற்று. மலையரையரின் முகம் கருத்தது. அன்பர்களே! உண்மையால் சுடப்பட்ட அரசர்கள் பெரும்பாலும் அந்தச் சூட்டைப் பிறர்மேல் தள்ளவே வழி தேடுவார்கள். மலையரையரும் தேடினார், உடனே கண்டுகொண்டார்.

“கேளுங்கள்! கடலரசனின் ஒற்றன் ஒருவன் இந்தக் கோட்டைக்குள் உலவுகிறான் என்று எனக்குச் செய்தி வந்திருக்கிறது. உங்கள் நடுவே இருந்து இந்தக் கலகத்தை மூட்டியவன் அவனே! அவனை அந்திக்குள் என்னிடம் ஒப்படையுங்கள். நீங்கள் ஒப்படைக்காமல் அவன் உங்களிடையே அகப்பட்டால், இங்கே அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரும் பகைவனுக்குத் துணைபோன துரோகிகளே ஆவீர்கள். துரோகிக்கு என்ன தண்டனை என்பதை ஏனாதி விடங்கனின் வேல்கள் சொல்லும்!”

காவற்படைத் தலைவனான ஏனாதி விடங்கன் அருகில் நின்று தலை குனிந்தான். கூட்டத்தின் ஓரத்தில், மயங்கி விழுந்த ஒரு மூதாட்டிக்கு நீர் புகட்டிக்கொண்டிருந்த பொதியனின் கையிலிருந்த குவளை நழுவிற்று.

*

கொற்றி பொதியனைக் கோயில் நந்தவனத்துக்கு அழைத்துச் சென்றாள். பிற்பகல் வெயிலில் அலரிச் செடிகள் அசையாமல் நின்றன.

“நீங்க கிளம்பணும், வைத்தியரே. இப்பவே.”

“எங்கே?”

“எங்கிருந்து வந்தீங்களோ அங்க.”

பொதியன் அவளை உற்று நோக்கினான். “உனக்கு எப்போது தெரிந்தது?”

“தை மாசமே தெரியும். தங்கச்சி மகனுக்கு நீங்க குடுத்த கஞ்சி மிச்சத்தை நான் குடிச்சேன். கரிச்சுது. ஊரு முழுக்க ஒரு கல்லு உப்புக் கிடையாது. உங்க பையில மட்டும் எப்படி இருந்தது? எங்க செவலைப் பசு உங்களைக் கண்டா அந்தப் பையைத்தான் மோந்து பார்க்கும். கணவாய்க்கு அந்தப் பக்கத்துலேருந்து யாரோ உங்களுக்குக் குடுத்து விடறாங்கன்னு புரிஞ்சுது.”

“தெரிந்துமா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை?”

“அந்தக் குழந்தைக்குக் குடுத்தீங்களே! உங்களுக்குன்னு வச்சிருந்ததை ஒவ்வொரு சிட்டிகையா எங்க சனத்துக்குக் குடுத்துத் தீர்த்தீங்களே! என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல. சும்மா இருந்துட்டேன்.” அவள் முகத்தைத் திருப்பவில்லை. “ஆனா இன்னிக்கு அப்படி இருக்க முடியாது. நாங்க வாய் திறந்தது எங்க நியாயத்துக்காக. நீங்க இங்க அகப்பட்டீங்கன்னா அது அத்தனையும் கடலரசன் சொல்லிக் குடுத்த பாட்டா ஆயிடும். எங்க பேச்சை நாங்களே பேசினோம்னு அப்புறம் யாரும் நம்பமாட்டாங்க. வேல்முனையில எங்களைச் சாய்ச்சாலும் ஊர் உலகம் சரின்னுதான் சொல்லும்.”

பொதியனின் தலை தாழ்ந்தது. “கொற்றி, எனக்கு இடப்பட்ட ஆணை என்ன தெரியுமா? மக்கள் மன்னனுக்கு எதிராக எழும் நாளில், ஆற்றுக்கு அப்பாலுள்ள கழுகுப் பாறையின் மேல் தீ மூட்ட வேண்டும். விறகும் நெய்யும் அங்கே தயாராக இருக்கின்றன. தீயைக் கண்டதும் கணவாயில் நிற்கும் படை உள்ளே புகும். உங்களை மீட்க வந்தோம் என்று சொல்லும்.”

“மீட்கவா? கழுத்தை நெரிச்ச கையே வந்து தண்ணி குடுக்குமா?” கொற்றி கசப்போடு சிரித்தாள். “ஆறு மாசமா எங்க பசங்க வாயிலேருந்து உப்பைப் பிடுங்கினவங்களுக்கு நாங்க கதவைத் திறந்து விடுவோம்னு எந்தப் புத்திசாலி யோசனை சொன்னான்? உங்க அரசரா?”

பொதியன் ஓரடி பின்வாங்கினான். அவன் முகத்தில் அப்போது தோன்றிய வேதனையை அவள் அச்சம் என்று எண்ணிக்கொண்டாள்.

“நீங்க தீ மூட்டினா நான் உங்களைத் தேடி வந்து கொல்லுவேன்,” என்றாள். அடுத்த கணமே அவன் கையைப் பற்றித் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். “போயிடுங்க.”

*

ஆற்றங்கரை முழுவதும் விடங்கனின் காவலர்கள் நின்றார்கள். பொதியன் நாணற்புதர் வழியாக ஊர்ந்து சென்று, வாயில் ஒரு நாணல் குழலைக் கவ்வியபடி நீருக்குள் இறங்கினான். மாசி மாதத்து மலைநீர் எலும்பைக் குத்தியது. நடு ஆற்றில் சுழல் அவனை மேலே தூக்கி எறிந்தது. “அதோ! தலை தெரிகிறது!” என்று கரையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. அம்புகள் சீறி வந்தன. ஒன்று இடத்தோளைக் கிழித்துச் சென்றது. அவன் மூச்சை அடக்கி மூழ்கி, நீரோட்டத்தோடு பாறைகளில் மோதிப் புரண்டு, வளைவுக்கு அப்பால் மறுகரை ஏறியபோது அவன் சென்ற வழியெல்லாம் செந்நீர் சிந்திக்கிடந்தது.

கழுகுப் பாறையை அவன் அடைந்தபோது சூரியன் மலைவாயில் விழுந்துகொண்டிருந்தது. விறகுக் குவியல் அங்கே காத்திருந்தது, நெய்க்குடமும் இருந்தது, தீக்கடைகோலும் இருந்தது. தோளிலிருந்து இரத்தம் வழிய, அவன் ஒவ்வொரு கட்டையாக எடுத்துப் பாறையின் விளிம்புக்கு இழுத்துச் சென்று பள்ளத்தில் தள்ளினான். நெய்க்குடத்தையும் தூக்கி எறிந்தான். அது கீழே எங்கோ உடைந்த ஓசை கேட்டது.

அங்கிருந்து பார்த்தால் அரண்மனை வாயில் கைப்பிடி அளவாகத் தெரிந்தது. அந்த வாயிலில் அப்போது நடந்ததை நாம் அருகே சென்று காண்போம்.

காவலர்கள் கூட்டத்தினுள் புகுந்து ஒவ்வொருவரையும் சோதித்தார்கள். வீடுகளைச் சோதித்தார்கள். மருத்துவன் பொதியனைக் காணவில்லை என்று ஒருவன் சொன்னான். “நோயாளிகளை விட்டுட்டு ஓடிட்டான், பயந்தாங்கொள்ளி,” என்றாள் கொற்றி. அப்படிச் சொல்வதற்கு அவள் எத்தனை பாடுபட்டாள் என்பதை அருகிலிருந்த தங்கை மட்டுமே அறிவாள்.

விடங்கன் வாயில் மாடத்தை அண்ணாந்து பார்த்தான். “அரசே! ஒற்றன் இங்கே இல்லை. இருப்பவர்கள் எல்லோரும் நம் மக்களே.”

“அப்படியானால் இவர்களை விரட்டு! வேல்களை உயர்த்து!”

வேல்கள் உயர்ந்தன. பெருவெளியில் எவரும் எழுந்திருக்கவில்லை. காவலன் ஒருவனுடைய வேல்முனைக்கு நேரே அவனுடைய மனைவி வெறுங்கலயத்தோடு அமர்ந்திருந்தாள். அவள் அவனையே பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். அவன் வேல்முனை சற்றே விலகியது.

ஏனாதி விடங்கன் தன் வேலைத் தரையில் வைத்தான்.

“அரசே, தங்கள் உணவை உண்டு வளர்ந்தவன் நான். தங்களுக்காக எந்தப் பகைவனின் மார்பிலும் இந்த வேலைப் பாய்ச்சுவேன். ஆனால் உப்பு படைக்கு உரியது என்று சற்று முன் தாங்கள் சொன்னீர்கள். நான் தங்கள் படையின் தலைவன்; என் வீட்டுக் கஞ்சியிலும் சாம்பல்தான் கரைகிறது! அந்த உப்பு எந்தப் படைக்கு?”

ஒன்றன்பின் ஒன்றாக வேல்கள் தரையைத் தொட்டன. மலையரையர் வெகுநேரம் மாடத்தின் தூணைப் பற்றியபடி நின்றார். பிறகு படிகளில் இறங்கி வந்தார். எவரும் அவரைத் தொடவில்லை, எவரும் ஏசவில்லை, அவர் நடக்க வழிவிட்டார்கள். தம் கையாலேயே பண்டகசாலையைத் திறந்து, திறவுகோலை விடங்கனிடம் கொடுக்க நீட்டினார். விடங்கன் அதை வாங்காமல் கூட்டத்தில் இருந்த ஊர்ச்சபையாரைக் காட்டினான். அன்று முதல் மலையரையர் அரசராகவே இருந்தார். ஆனால் அந்தத் திறவுகோல் மீண்டும் அரண்மனைக்குப் போகவில்லை. வீட்டுக்கு ஒரு கலயம் உப்பு அளந்து கொடுத்த பின், ஊரார் தாங்களே ஒன்று சேர்ந்து கூகைக் கணவாயின் உட்புறத்தைக் காக்கப் புறப்பட்டார்கள். மன்னரிடம் கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது. பகைவனுக்குப் பணிவதாக அதற்குப் பொருள் இல்லை!

*

மறுநாள் நண்பகலில் கணவாயின் மறுபுறத்தில், பேரரசரின் பாசறையில் வீரர்கள் பந்தியில் அமர்ந்திருந்தார்கள். இலைகளில் சோறும் உலர்ந்த மீனும் ஊறுகாயும் பரிமாறப்பட்டிருந்தன. தலைப்பந்தியில் படைத்தலைவரான தண்டநாயகர் கடலாதிராயர் அமர்ந்திருந்தார். கிழிந்த ஆடையும் இரத்தம் உறைந்த தோளுமாய் ஒருவன் தள்ளாடி வருவதைக் கண்டு அவர் எழுந்து ஓடினார்.

“மகனே! இளநாகா!”

ஆம், அன்பர்களே. யானைமுடிக் கோட்டையில் பொதியன் என்று பெயர் பூண்டு மருத்துவம் பார்த்தவன், பேரரசரின் தண்டநாயகருடைய ஒரே புதல்வன் இளநாகன்தான்.

“மக்கள் எழுந்தார்களா?” என்றார் தந்தை ஆவலோடு.

“எழுந்தார்கள், தந்தையே. தங்கள் மன்னரை எதிர்த்தே எழுந்தார்கள்.”

“பின் தீ எங்கே? நீ ஏன் மூட்டவில்லை?”

“அவர்கள் நமக்காக எழவில்லை. துன்பம் தாங்காமலும் எழவில்லை. துன்பத்தை அவர்கள் முணுமுணுக்காமல் தாங்கினார்கள். தங்களோடு சேர்ந்து துன்புறுவதாக மன்னர் பொய் சொன்னார் என்று தெரிந்தபோதுதான் எழுந்தார்கள். நாம் உள்ளே புகுந்திருந்தால், அவரைத் தட்டிக் கேட்ட அதே கைகள் நம்மைத் தடுக்க எழுந்திருக்கும். உப்பை விடுங்கள், தந்தையே. இந்தத் தடையால் சாகிறவர்கள் குழந்தைகள்.”

கடலாதிராயரின் புருவங்கள் நெரிந்தன. “உப்பை விடுவதா? இது பேரரசரின் ஆணை. அந்த ஆணைக்கு வித்திட்டவன் யார்? ‘படை எதற்கு, அரசே? உப்பை நிறுத்துங்கள், ஒரு பருவத்துக்குள் மக்களே கதவைத் திறப்பார்கள்’ என்று மந்திராலோசனையில் எழுந்து சொன்னவன் யார்? நீயல்லவா!”

“நானே,” என்றான் இளநாகன். “மக்கள் என்று நான் சொன்னபோது ஒருவர் முகத்தையும் எனக்குத் தெரியாது. இப்போது தெரியும்.” அவன் பந்தியின் நடுவே வந்து நின்றான். “கொற்றவை அறியச் சொல்கிறேன். இந்தக் கணவாய் வழியே உப்பு வண்டி போகும் நாள்வரை இளநாகன் நாவில் உப்புப் படாது. அந்த நாள் வராவிட்டால், நான் அந்தக் குழந்தைகளைப் போலவே சாகிறேன்.”

பந்தியில் ஓசை அடங்கிற்று. கடைசி வரிசையிலிருந்து ஒரு முதிய வீரன் எழுந்தான். வங்கன் என்பது அவன் பெயர். கடற்கரை உப்பளங்களிலிருந்து படைக்கு வந்தவன்.

“தண்டநாயகரே, சின்னவர் சொல்றதோட என் குறையையும் சொல்லிடறேன். எங்க ஊரு அளத்துல வாரிக் குவிச்ச உப்பு வாங்க ஆளில்லாம மழையில கரைஞ்சு போச்சுங்க. வண்டிமாட்டை வித்துத் தின்னுட்டோம். மலையில அவங்க உப்பில்லாம சாகறாங்க, கரையில நாங்க உப்பை வச்சுக்கிட்டுச் சாகறோம். யாரை ஜெயிக்க இதைப் பண்றோம்னு இந்தக் கிழவனுக்குப் புரியலைங்க.”

அவன் தன் இலையை மடித்துத் தள்ளினான். பக்கத்தில் இருந்தவனும் மடித்தான். அடுத்தவனும், அதற்கடுத்தவனும். அந்த நீண்ட பந்தியில் இலைகள் மடியும் ஓசை தவிர வேறொன்றும் கேட்கவில்லை. தண்டநாயகர் தம் படையை ஒருமுறை முழுவதுமாகப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். தம் இலைக்குத் திரும்பாமலேயே குதிரையைக் கொண்டுவரச் சொன்னார்.

“பேரரசரிடம் நானே போகிறேன்,” என்றார். “ஆணையை மீறச் சொல்லி என்னைக் கேட்காதே. மாற்றச் சொல்லி அவரைக் கேட்கிறேன். என் பதவி அதற்கு விலையானால் ஆகட்டும்.”

அது விலையாகத்தான் ஆயிற்று. கடலாதிராயரின் தண்டநாயகப் பட்டம் பறிக்கப்பட்டது. ஆனால், தம் படையே உண்ண மறுத்தது என்ற செய்தியும், உப்பளத்தார் கூட்டங்கூட்டமாய்த் தலைநகரின் வாயிலுக்கு வந்து அமர்ந்த செய்தியும் பேரரசரைச் சிந்திக்க வைத்தன. பங்குனி கழிவதற்குள் ஆணை மாறிற்று.

*

முதல் உப்பு வண்டிகள் கூகைக் கணவாயில் ஏறிய காலை. மூங்கிற்புதர்களில் பனி இன்னும் உலரவில்லை. கணவாயின் உச்சியில் மலைநாட்டார் குறுக்கே மரம் போட்டுக் காவல் நின்றார்கள். உள்ளே வரும் ஒவ்வொருவரும் தம் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் வைத்த முறை. காவல் நின்றவர்களில் கொற்றியும் இருந்தாள்.

முதல் வண்டியின் முன்னே, கன்னம் ஒட்டிப் போன ஓர் இளைஞன் நடந்து வந்தான். அவள் அவனை அடையாளம் கண்டுகொண்டாள். அவள் முகத்தில் ஒரு கணம் மலர்ந்த மகிழ்ச்சியைக் கண்டும், அவன் அடுத்த சொல்லைச் சொன்னான்.

“என் பெயர் பொதியன் அல்ல, கொற்றி. இளநாகன். உங்கள் கணவாயை அடைத்து நின்ற தண்டநாயகரின் மகன். எந்தப் புத்திசாலி இந்த யோசனையைச் சொன்னான் என்று நந்தவனத்தில் கேட்டாயே. அந்தப் புத்திசாலி நான்தான்.”

மாடுகள் மூச்சிரைத்து நின்றன. கொற்றி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அவள் கண்களில் சினம் வந்தது, நீர் வந்தது, எது முன்னே வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

“இதை என்கிட்ட மட்டும் சொன்னா போதாது,” என்றாள் கடைசியில். “அரண்மனை வாயில்ல, ஊரு சனம் அத்தனை பேருக்கும் முன்னால நின்னு சொல்லணும். பிள்ளையைப் பறிகொடுத்தவங்களும் அங்க இருப்பாங்க. அவங்க என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் தடுக்க மாட்டேன். வர்றீங்களா?”

“வருகிறேன்.”

குறுக்கே கிடந்த மரத்தைக் கொற்றி தன் கையாலேயே விலக்கினாள். அவன் மலைநாட்டுக்குள் காலெடுத்து வைத்ததும், அவளும் அவனுக்குப் பக்கத்தில் நடக்கத் தொடங்கினாள்.